புதியது, கணவரால் கீறப்பட்டது

1

இந்தக் கதை எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் வந்தது. அழைத்தவர் யார், எனக்கு என்ன உறவு என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. நான் கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன். சொல்லாமலே தப்பித்துவிடலாமோ என்று ஒரு நப்பாசை. முடியாவிட்டால் நான்காம் பகுதியில் சொல்லிவிடுகிறேன்.

நேற்று, சனிக்கிழமை முற்பகல், ஒரு பெண் விமானத்திலிருந்து இறங்கி வேறொரு நாட்டின் சுங்க மேசைக்கு முன்னால் துணிப்பையோடு நின்றாள். பைக்குள் ஒரு கால் இருந்தது. அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். நடந்தது இவ்வளவுதான். இதற்கு நேற்று மாலையிலிருந்து மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "அதிகாரியின் பார்வை அவளைத் துளைத்தது. அவள் நெஞ்சு படபடவென்று..." வேண்டாம். இதை நானும் நூறு தடவை படித்திருக்கிறேன், நீங்களும் படித்திருப்பீர்கள். தவிர, அவளுக்கு நெஞ்சு படபடக்காது. படபடக்கிற நெஞ்சோடு அவள் வேலையைச் செய்ய முடியாது.

இரண்டாம் தொடக்கம்: "எல்லை என்பது மனிதன் மண்ணில் கிழித்த கோடு. நேர்மை என்பது அவன் மனத்தில்..." எழுதும்போதே கொட்டாவி வந்துவிட்டது.

மூன்றாவது, அவள் வேலை செய்யும் அறையிலிருந்து. அதை வைத்துக்கொள்கிறேன்.

2

மருத்துவமனையின் பின்கட்டில், சலவை அறையைத் தாண்டினால், ஒரு பட்டறை இருக்கிறது. உள்ளே போனால் செருப்பில் வெள்ளைப் பிளாஸ்டர் மாவு ஒட்டும். சுவரோரம் ரப்பர் பாதங்கள் அளவு வாரியாக அடுக்கியிருக்கும். அங்கே பதினெட்டு வருடமாகச் செயற்கைக் கால் செய்துகொண்டிருப்பவளை எல்லோரும் கால்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

அவளுக்கு ஒரு தம்பி. எல்லைக்கு அப்பால் இருக்கும் ஊரில் லிஃப்ட் மெக்கானிக். இருபது வயதில் மோட்டார் சைக்கிளில் போய் இடது காலை முழங்காலுக்குக் கீழே பறிகொடுத்தவன். அதன்பிறகு அவன் போட்டுக்கொண்ட கால்கள் எல்லாம் அக்கா செய்தவை. மூன்று வாரத்துக்கு முன்னால் கடைசிக் கால் விரிசல் விட்டது. ஒட்டும் டேப்பைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். அதை மேலாளர் பார்த்துவிட்டார்.

"திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு டாக்டர் முன்னாடி டூல்ஸ் பையோட நாலு மாடி ஏறி இறங்கணுமாம்க்கா. முடியலைன்னா வேற ஆளைப் போட்டுக்குவாங்களாம்," என்றான் தொலைபேசியில்.

"சரி, வை. வேலை இருக்கு," என்றாள் அவள்.

போன தடவை அவன் வந்தபோது எடுத்த பிளாஸ்டர் அச்சு பட்டறை அலமாரியில் இருந்தது. பட்டறை நேரம் முடிந்த பிறகு தினமும் உட்கார்ந்து பதினோரு நாளில் காலை முடித்தாள். சாம்பல் நிறம், தொட்டால் வழுக்கும் மெருகு. இதுவரை செய்ததிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று அவளே சொன்னாள். தன் வேலையைப் பற்றி அவள் அப்படிச் சொல்வது அபூர்வம்.

இனி கணவர். வீட்டில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர். என்ன வேலை என்பது இப்போதைக்கு வேண்டாம். அவருக்கு ஒரு நண்பர் உண்டு. நாலு தடவை வெளிநாடு போய்வந்த ஒரே தகுதியில் எல்லோருக்கும் யோசனை சொல்கிறவர். "புதுப் பொருளைப் பார்த்தா வரி போட்டுத் தீட்டிடுவாங்க. பழசாக்கிடுங்க," என்றார் அவர். சனிக்கிழமை விடிந்ததும் அவள் குளிக்கப்போன இருபது நிமிடத்தில் கணவர் உப்புத்தாளை எடுத்தார்.

விமான நிலைய வாசலில் பையை இறக்கிவைத்துவிட்டு, வண்டியில் மறுபடி ஏறும்போதுதான் சொன்னார்.

"அப்புறம் ஒண்ணு. காலைக் கொஞ்சம் பழசாக்கி வெச்சிருக்கேன்."

"என்னது?"

"லேசாத்தான். யாராவது கேட்டா, தம்பியோட பழைய கால், ரிப்பேருக்கு வந்திருந்துச்சுன்னு சொல்லிடு. வரியும் கிடையாது, கேள்வியும் கிடையாது."

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"உனக்கு எதுக்கு டென்ஷன்னுதான் கேக்கல."

பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. பையைப் பிரித்துப் பார்க்க நேரமில்லை. அவள் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

விமானத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அறிவிக்க வேண்டிய பொருள் ஏதும் உண்டா? உண்டு என்ற கட்டத்தில் குறியிட்டு, கீழே அழுத்தி எழுதினாள்: செயற்கைக் கால், இடது, முழங்காலுக்குக் கீழ், ஒன்று. புதியது. செய்தவர் நானே.*

* இந்த இடத்தில் நேர்மையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். இன்று காலை தொலைபேசியில் அவளிடம் படித்துக் காட்டினேன். "அப்படியெல்லாம் ஒண்ணும் யோசிக்கல," என்றாள். "நான் செஞ்ச காலைப் பழசுன்னு என் வாயால சொல்ல வரல. அவ்வளவுதான்." ஒன்றரைப் பக்கமும் போயிற்று.

3

சுங்கத்தில் இரண்டு வழி. அறிவிக்க ஒன்றுமில்லாதவர்கள் பச்சைப் பலகைக்குக் கீழே போகலாம். ஏதோ இருக்கிறது என்று தாங்களாகவே சொல்ல வந்தவர்களுக்குச் சிவப்புப் பலகை. பச்சையில் விமானத்தில் வந்த கூட்டம் மொத்தமும் போய்க்கொண்டிருந்தது. சிவப்பில் ஈ, காக்கை இல்லை. எஃகு மேசைக்குப் பின்னால் மீசை வைத்த அதிகாரி ஒருவர் காது குடைந்துகொண்டிருந்தார்.

[மீசைக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வரைவில் அவரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். "அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பார்த்துச் செய்யுங்கம்மா என்று..." வரைக்கும் போய்விட்டேன். படித்துக் காட்டியதும் அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "அந்த மனுஷன் எனக்கு நாற்காலி போட்டுத் தண்ணி கொடுத்தாரு. அவரைப் போய்க் கை நீட்ட வைக்கிறீங்களே, நல்லா இருக்கா?" நல்லா இல்லை. அடித்துவிட்டேன்.]

[அந்த நாட்டு அதிகாரிகள் எந்த மொழியில் பேசினார்கள் என்றும் கேட்காதீர்கள். இந்தக் கதைக்குள் எல்லோரும் நம் மொழியில்தான் பேசுவார்கள். எழுதுகிறவனுக்குக் கிடைக்கிற வரிவிலக்கு அது ஒன்றுதான்.]

மீசைக்காரர் படிவத்தைப் படித்தார். பையை மேசைமேல் வைக்கச் சொன்னார். அவள் துணியைப் பிரித்தாள். பிரித்தவுடன் கை அப்படியே நின்றுவிட்டது.

பாதத்தின் மேல்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கீறல். கெண்டைக்கால் பக்கம் டீத்தண்ணீர் ஊற்றித் தேய்த்த பழுப்புத் திட்டு. முழங்கால் விளிம்பில் மெருகே இல்லை. பாதத்துக்குக் கணவரின் ஓட்டைச் சாக்ஸ் ஒன்றை வேறு மாட்டிவிட்டிருந்தார், மேல்பக்கத்துப் பெரிய ஓட்டை வழியே கீறல் தெரியும்படி. பதினோரு நாள் வேலை. அவளுக்குக் கண் கலங்கியது. அழுகையைவிட ஆத்திரம்தான் அதில் அதிகம்.

"இது பழசும்மா," என்றார் மீசைக்காரர்.

"புதுசு சார்."

"புதுசா?" அவர் கீறலில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பி, "மேடம், கொஞ்சம் வர்றீங்களா?" என்றார்.

மூக்குக் கண்ணாடி போட்ட மேலதிகாரி வந்தார். படிவத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், கால்காரம்மாவைப் பார்த்தார். நிதானமாகச் சொன்னார்.

"செயற்கைக் காலுக்கு இங்க வரியே கிடையாதும்மா. புதுசுன்னா ஒரு கையெழுத்து, போயிட்டே இருக்கலாம். ஆனா ஒருத்தர் போட்டுக் கழட்டினதை உள்ள விட முடியாது. கிருமி நீக்கின சான்றிதழ் வேணும். அந்த ஆபீஸ் திங்கட்கிழமை பத்து மணிக்குத்தான் திறக்கும். அதுவரைக்கும் கால் எங்ககிட்ட இருக்கும்."

ஒன்பது மணிக்குத் தேர்வு. பத்து மணிக்கு அலுவலகம்.

"மேடம், இது புதுசு. சத்தியமா புதுசு."

"பழசைக் கொண்டுவர்றவங்க எல்லாருமே இங்க வந்து அதைத்தாம்மா சொல்றாங்க," என்றார் மேலதிகாரி. குரலில் கோபமில்லை. தினமும் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தது.

கணவர் சொல்லிக்கொடுத்த பொய்யை அவள் சொல்லியிருந்தால் கால் அப்போதே பறிபோயிருக்கும். சொல்லாததால் மட்டும் தப்பித்துவிடவில்லை. பொய்யை அவர் காலின் மேலேயே எழுதி அனுப்பியிருந்தார். அவள் வாய் உண்மையைச் சொல்ல, கால் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தது காலை.

4

இங்கே நிறுத்துகிறேன். நான்காம் பகுதி வந்துவிட்டது.

அந்தக் கணவரை நல்லவராகக் காட்ட நான் படாத பாடு பட்டேன். ஒரு வரைவில் அவர் தூக்கம் வராமல் புரண்டு புரண்டு யோசித்துத்தான் உப்புத்தாளை எடுக்கிறார். இன்னொன்றில், வாசலில் அவளிடம் மன்னிப்பு கேட்கிறார். வேறொன்றில் நண்பர்தான் கீறுகிறார், கணவர் தடுக்கப் பார்க்கிறா... எல்லாம் பொய். கணவர் நன்றாகத் தூங்கினார். எழுந்து விசிலடித்துக்கொண்டே தேய்த்தார். டீத்தண்ணீர் அவருடைய சொந்தக் கற்பனை. அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது. ஒரு பொருளுக்குப் பொய்யாக ஒரு கடந்தகாலம் செய்துகொடுப்பதுதானே அவருக்குத் தெரிந்த ஒரே தொழில்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? உப்புத்தாள் இருந்தது என் கையில்.

ஆமாம், அந்த ஆள் நான்தான். வீட்டில் உட்கார்ந்து கதை எழுதுகிறவன். கால்காரம்மா என் மனைவி. முதல் பகுதியிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்களே என்று பயந்தேன். அவள் சிவப்புப் பலகைக்குக் கீழே தன்னந்தனியாக நின்று, பழக்கமில்லாத இரண்டு பேரிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், நான் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு நண்பருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன்: "வேலை கச்சிதமாக முடிந்தது." நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் பங்கே இல்லை. அதனால்தான் அது நன்றாக நடந்தது.

5

மீசைக்காரர் நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்தாள். உட்காரவில்லை.

"ரெண்டு நிமிஷம் குடுங்க மேடம். சார், உங்க ஷூவைக் கொஞ்சம் கழட்டுங்க."

"என் ஷூவா?"

"ஆமா சார். வலது, இடது எதுவானாலும் சரி."

மீசைக்காரர் மேலதிகாரியைப் பார்த்தார். மேலதிகாரி தலையசைத்தார். அவர் குனிந்து நாடாவை அவிழ்த்து இடது ஷூவைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவள் அதைக் கவிழ்த்தாள்.

"எங்க தேஞ்சிருக்கு பாருங்க. குதிகால்ல, வெளிப்பக்க ஓரத்துல. உங்களுக்கு மட்டும் இல்ல, நடக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு அங்கதான் முதல்ல தேயும். இப்ப இந்தக் காலைப் பாருங்க. மேல தேஞ்சிருக்கு. இங்க தேயணும்னா ஒரு மனுஷன் பாதத்தைத் திருப்பிப் போட்டு நடந்திருக்கணும்."

மேலதிகாரி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"கீறலைப் பாருங்க மேடம். எல்லாம் ஒரே பக்கமா ஓடுது, கோலால அளந்து போட்ட மாதிரி. கீழ விழுந்து, இடிச்சு, படியில உரசியிருந்தா நாலா பக்கமும் போயிருக்கும். இது ஒரே இடத்துல உக்காந்து தேய்ச்சது."

பிறகு கிண்ணம் போன்ற மேல் பகுதியை விளக்கின் பக்கம் திருப்பிப் பிடித்தாள். மீதமிருக்கும் கால் உட்காரும் இடம் அது. உள்சுவரில் மெல்லிய பென்சில் கோடு ஒன்று, பக்கத்தில் குட்டியாகத் தேதி.

"இது நான் அளவுக்குப் போட்ட கோடு. விரலால தேய்ங்க சார்."

மீசைக்காரர் கட்டைவிரலால் கோட்டின் நுனியைத் தேய்த்தார். நுனி அழிந்து விரலில் கரி ஒட்டியது.

"ஒரு நாள் போட்டுக்கிட்டு நடந்திருந்தா வேர்வையில முழுக்கப் போயிருக்கும்."

கடைசியாகச் சாக்ஸை உருவினாள். பாதத்தைக் கவிழ்த்தாள். அடிப்பக்கத்தில் என் உப்புத்தாள் படவே இல்லை. அச்சிலிருந்து எடுத்தபோது இருந்த பிசிறு, புது டயரில் முளைத்திருக்குமே அந்த மாதிரி ரப்பர் முடிகள், ஒன்றுவிடாமல் அப்படியே நின்றன. மேலதிகாரி அவற்றைச் சுண்டுவிரலால் வருடிப் பார்த்தார். ஒவ்வொன்றும் மடங்கி மடங்கி நிமிர்ந்தது.

"இது தரையையே தொட்டதில்ல," என்றார் மெதுவாக.

"தொட்டதில்ல மேடம். திங்கட்கிழமை தொடணும். தம்பி வெளிய நிக்கிறான்."

"அப்ப இதை யாரு கீறினது?"

இந்தக் கேள்விக்கு அவள் எதையாவது சொல்லியிருக்கலாம். வழியில் உரசிவிட்டது என்றிருக்கலாம். அவர்கள் ஏற்கெனவே நம்பிவிட்டார்கள், வேலை முடிந்துவிட்டது. நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"என் வீட்டுக்காரர்."

"எதுக்கு?"

"உங்களை ஏமாத்த."

மீசைக்காரர் ஒற்றைக் காலில் ஷூவும் மற்றதில் சாக்ஸுமாக நின்றுகொண்டிருந்தார். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மனுஷங்க நடந்து அவரு பார்த்ததே இல்லையாம்மா?"

"வீட்லயே உக்காந்திருக்காரு மேடம்."

முதலில் சிரித்தது மீசைக்காரர். பிறகு மேலதிகாரி. அவள் கடைசியாகச் சிரித்தாள். ஆனால் ஒருமுறை தொடங்கியதும் அவளால் நிறுத்த முடியவில்லை, மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மேலதிகாரி பேனாவைத் திறந்து படிவத்தில், பொருளின் நிலை என்ற கட்டத்தில், சிரிப்பெல்லாம் அடங்கி வெகு அக்கறையாக எழுதினார்: புதியது, கணவரால் கீறப்பட்டது. கீழே கையெழுத்து, முத்திரை.*

* இது மட்டும் என் கற்பனை என்று நீங்கள் நினைக்கக்கூடும். அவள் படிவத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறாள். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. என்னைப் பற்றி இதுவரை வந்த விமர்சனங்களிலேயே மிகச் சரியானது அதுதான்.

காலை மறுபடி துணியில் சுற்ற அவளுக்கு மனமில்லை. ஓட்டைச் சாக்ஸை அங்கேயே குப்பைத்தொட்டியில் போட்டாள். காலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தலை நிமிர்ந்து, சிவப்புப் பலகையைக் கடந்து வெளியே நடந்தாள். பச்சை வழியில் பெட்டி தள்ளிக்கொண்டு வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். தடுப்புக் கம்பிக்கு அப்பால் தம்பி, இரண்டு ஊன்றுகோலில் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, இப்படிக் கீறியிருக்கு?"

"உங்க மாமாவோட கைவேலை. உள்ள எல்லாம் நல்லா இருக்கு. வா, போட்டுப் பார்க்கலாம்."

6

இங்கேயே முடித்துவிடலாம். நல்ல இடம்தான். ஆனால் அவன் நாலு மாடி ஏறினானா, வேலை நிலைத்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் ஏறிவிடுகிறான். டாக்டர் கை குலுக்குகிறார். அவசரமாக எழுதியது, அப்படியே தெரிகிறது.

இரண்டாவதில் மூன்றாம் மாடியில் கால் வலிக்கிறது, அவன்... இல்லை. இதை முடிக்கவே கை வரவில்லை. கிழித்துப் போட்டேன்.

மூன்றாவதில் டாக்டர் லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார், தம்பி நாலு மாடி ஓடி ஏறி அவரைக் காப்பாற்றுகிறான். போன வாரம்வரை நான் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உண்மை என்னவென்றால், எனக்குத் தெரியாது. இன்று ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணி. தேர்வு நாளைக்கு. நடக்காததை நடந்ததாக மெருகேற்றி உங்கள் கையில் கொடுக்கப் போவதில்லை. என்னிடம் இருப்பது இதோ, இந்தத் தொலைபேசி மட்டும்தான். இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது அடித்தது.

"என்னங்க, எழுதிட்டிருக்கீங்களா?"

"ஆமா. நீ எங்க இருக்க?"

"இவன் வீட்டுப் படிக்கட்டுல. டூல்ஸ் பையை மாட்டிக்கிட்டு ஏறிப் பார்க்கறான். காலையில கணுக்கால் ஸ்க்ரூவை அரைச் சுத்து குறைச்சேன், சரியா வந்துடுச்சு. பேசாதீங்க, கேளுங்க."

அவள் தொலைபேசியைப் படிக்கட்டுப் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். பைக்குள் ஸ்பானர்கள் குலுங்கும் சத்தம் கேட்டது. அதற்கு அடியில் காலடிகள். கல் படியில், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே சீராக. பதினெட்டு வருடமாக ஒருவர் நடந்து வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டே அவள் காலைச் சோதிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நான் அப்படிக் கேட்டுப் பார்த்தது இதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டேன். எந்த அடி அவன் கால், எந்த அடி அவள் செய்த கால் என்று பிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

"எது எதுன்னு தெரியுதா?" என்றாள்.

"தெரியல."

"எனக்கும் தெரியலங்க," என்றாள்.

நாளை ஒன்பது மணியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களை நம்பித் தருகிறேன். இரண்டாம் மாடியைத் தாண்டிவிட்டான், பை தோளில் இருக்கிறது, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறான்.